குதிரை புதைந்தது யாருக்கும் தெரியவில்லை: ஒரு பள்ளி விழா வால்ட் விபத்து

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடையில் இருக்கும் ஒரு பள்ளியின் விளையாட்டு விழாவில் நடந்தது இது. வால்ட் என்பது ஓடிவந்து, குதிரை என்று பெயர் கொண்ட ஜிம்னாஸ்டிக்ஸ் கருவியின் மேல் கை ஊன்றித் தாண்டும் ஆட்டம். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஓடிவந்து, எம்புவதற்கான ஸ்பிரிங் போர்டை மிதித்து, குதிரை மேல் கை ஊன்றித் தலைகீழாகப் புரண்டு இறங்கும் ஹேண்ட்ஸ்பிரிங் போடும்போது கை வழுக்கி, மெத்தை ஓரத்தில் இடது கையைக் கொடுத்து விழுந்தாள். மணிக்கட்டுக்கு மேலே எலும்பில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. பள்ளியின் பெயரும் பிள்ளையின் பெயரும் இங்கே வேண்டாம், அதனால் யாருக்கும் லாபமில்லை. நானும் இதே தொழிலில் குதிரையும் மெத்தையும் தூக்கி முதுகு போனவன் என்பதால், என்ன நடந்தது என்று பார்த்துச் சொல்லும்படி தாளாளர் கேட்டுக்கொண்டார். அவருக்கு எழுதிக் கொடுத்ததை மற்ற பி.டி. சார்களுக்கும் பயன்படட்டும் என்று கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பிள்ளை விழுந்த பத்து நிமிஷத்துக்குள் தீர்ப்பு வந்துவிட்டது. பந்தலில் இருந்தவர்கள் "பயந்துட்டா" என்றார்கள். பி.டி. சார் "கவனம் சிதறிடுச்சு, நேத்து வரைக்கும் நல்லாத்தான் பண்ணினா" என்றார். பிள்ளையின் அப்பத்தா, "நான் அப்பவே சொன்னேன், இத்தனை பேரு முன்னாடி குட்டிக்கரணம் போட்டா கண்ணு படாம என்ன செய்யும்" என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே உப்பும் மிளகாயும் சுற்றிப்போட ஆள் அனுப்பிவிட்டார். மூன்று பேரும் சொன்னது ஒன்றுதான்: கோளாறு பிள்ளையிடம். எனக்குத் தெரிந்தவரை அன்றைக்கு அந்த மைதானத்தில் கோளாறே இல்லாமல் இருந்தது அந்தப் பிள்ளை மட்டும்தான். ஏன் என்று சொல்கிறேன்.

அந்தப் பள்ளியில் இருப்பது பழைய மாடல் வால்டிங் குதிரை. ரெக்ஸின் போர்த்திய நீளமான உடம்பு, நான்கு இரும்புக் கால்கள், ஒவ்வொரு காலிலும் ஓட்டை, அதில் பின் செருகி உயரத்தைக் கூட்டலாம் குறைக்கலாம். உலகப் போட்டிகளில் இந்தக் குதிரை 2001-லேயே போய்விட்டது, இப்போது நாக்கு மாதிரி முன்பக்கம் சரிந்த அகலமான மேசைதான். பெண்களுக்கு 125 செ.மீ., ஆண்களுக்கு 135 செ.மீ. உயரம். நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பழைய குதிரை இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அதில் தப்பில்லை, பழகுவதற்கு அது போதும். இங்கே பெண்பிள்ளைகளுக்குக் குதிரையைக் குறுக்காகப் போட்டு 110 செ.மீ. வைத்துப் பழக்கியிருக்கிறார்கள். பயிற்சி எல்லாம் ஹாலுக்குள், சிமெண்ட் தரையில். ஸ்பிரிங் போர்டு எங்கே இருக்க வேண்டும், ஓட்டம் எங்கே தொடங்க வேண்டும் என்று தரையில் பெயிண்டால் கோடு போட்டிருக்கிறார்கள். அந்த அளவுக்குப் பழக்கியவர் பொறுப்பான ஆள்தான், அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை.

விழாவன்று குதிரை வெளியே வந்தது. ஹாலில் கூட்டம் கொள்ளாது, சிறப்பு விருந்தினர் வேறு வருகிறார், வெளியே வைத்தால்தான் எடுப்பாக இருக்கும். நம் பக்கத்துச் செம்மண் மைதானம், வெயிலில் புழுதி பறக்கும் என்று காலையிலேயே டேங்கர் லாரி வைத்து இரண்டு தடவை தண்ணீர் அடித்திருக்கிறார்கள். மதியம் பையன்கள் ஆறேழு பேர் குதிரையைத் தூக்கி வந்து பந்தலுக்கு எதிரே இறக்கினார்கள். ஓடுபாதைக்குத் தென்னைநார் விரிப்பு, அதன் நுனியில் போர்டு, அப்புறம் குதிரை, அதற்கு அந்தப் பக்கம் மெத்தை. கால்களில் பின் சரியான ஓட்டையில்தான் இருந்தது, அதைப் பி.டி. சார் பார்த்திருக்கிறார். தரைக்கு மேலே எத்தனை செ.மீ. என்று டேப் வைத்து யாரும் பார்க்கவில்லை.

ஐந்து பிள்ளைகள். வரிசை எளிதானதிலிருந்து கடினமானதுக்கு. முதல் பெண் கால் மடக்கித் தாவி அழகாக நின்றாள், கைதட்டல். இரண்டாவது பெண் இறங்கியதும் ஒரு எட்டு முன்னால் போனாள். மூன்றாவது பெண் கால் விரித்துத் தாவி மெத்தையில் உட்கார்ந்தே விட்டாள், கூட்டம் சிரித்தது. நான்காவது பெண்ணின் பாதம் குதிரையில் இடித்தது. ஐந்தாவதாக வந்தவள்தான் இருப்பதிலேயே நல்ல ஆட்டக்காரி, அவள்தான் விழுந்தாள். ஒருத்திக்கு மேல் ஒருத்தி மோசமாகிக்கொண்டே போயிருக்கிறது. இதை ஐந்து பிள்ளைகளின் பயம் என்று எடுத்துக்கொண்டால் கடைசியில் வந்த, நன்றாகத் தேறிய பிள்ளைக்குப் பயம் அதிகம் என்று ஆகிறது. அது பொருந்தவில்லை. பொருளில் ஏதோ மாறிக்கொண்டே போயிருக்கிறது என்று பார்த்தால் வரிசை அப்படியே பொருந்துகிறது.

தரையில் கிடைத்தது

நல்லவேளை, மறுநாள் காலையில் குதிரையைத் தூக்கியிருந்தார்களே தவிர கால் பதிந்த குழிகள் அப்படியே காய்ந்து கிடந்தன. ஓடிவரும் பக்கத்துக் கால்கள் இரண்டும் சுமார் 3 செ.மீ. இறங்கியிருந்தன. இறங்கும் பக்கத்துக் கால்கள் இரண்டும் 7 செ.மீ. ஆக, குதிரை தணிந்தது மட்டுமல்ல, முன்னால் சாய்ந்தும் இருக்கிறது. 110 என்று நம்பி ஓடிவரும் பிள்ளைக்குச் சுமார் 105 உயரத்தில், வழுக்குகிற மாதிரி சரிந்த ஒரு முதுகு கிடைத்திருக்கிறது. ஒரே நேரத்தில் இவ்வளவும் இறங்கியிருக்காது. ஒவ்வொரு பிள்ளையும் கையால் அடிக்கும் அடியில் கொஞ்சம் கொஞ்சமாக முன்பக்கம் புதைந்திருக்கிறது. முதல் பெண் அழகாக நின்றதற்கும் ஐந்தாவது பெண் விழுந்ததற்கும் இடையில் நடந்தது அதுதான்.

அடுத்தது வாட்டம். அந்த மைதானம் ஊருணியைப் பார்த்துச் சரிந்தது. செட்டிநாட்டில் இது அதிசயமில்லை, வீட்டு முற்றத்தில் விழும் மழைத்தண்ணீர் தெருவுக்கும் தெருவிலிருந்து ஊருணிக்கும் தானாகப் போகும்படி வாட்டம் பார்த்தே ஊரை அமைத்தவர்கள் நம் முன்னோர். பள்ளியில் சுவர் வேலைக்கு வந்திருந்த கொத்தனாரைக் கூப்பிட்டுத் தண்ணீர் டியூப் வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஓடுபாதை 18 மீட்டர், அதற்குள் 36 செ.மீ. இறக்கம். கண்ணால் பார்த்தால் தெரியாது, நானும் நின்று பார்த்தேன், சமதளம் மாதிரிதான் இருந்தது. பந்தலில் உட்கார்ந்தவர்கள் கண்ணில் மாலை வெயில் படக்கூடாது என்று திசையை மாற்றியதில் ஓட்டம் இறக்கத்துப் பக்கம் போய்விட்டது. இறக்கத்தில் ஓடினால் எட்டு, அதாவது காலடி, நீளும். ஒரு எட்டுக்கு 3 செ.மீ. கூடினால் பத்து எட்டில் 30 செ.மீ. ஸ்பிரிங் போர்டின் நீளமே 120 செ.மீ.தான், அதிலும் மிதிக்க வேண்டிய இடம் ஒரு ஜாண் அகலம். பிள்ளை வழக்கமான இடத்தில் எம்பினால் காலும் வழக்கமான இடத்தில் விழ வேண்டும், 30 செ.மீ. தள்ளி விழுந்தால் குதிரைக்கு மிக அருகில் போய்விடுகிறாள்.

போர்டும் சும்மா இருக்கவில்லை. நார் விரிப்பின் மேல் வைத்ததால் ஒவ்வொரு மிதிக்கும் பின்னால் நழுவியிருக்கிறது, பி.டி. சார் அதைக் காலால் தள்ளி "சரியா இருக்கு, வா" என்று கை காட்டுவது வீடியோவில் தெளிவாகத் தெரிகிறது. ஹாலில் கோடு உண்டு. இங்கே கோடு இல்லை, கண்மதிப்புத்தான்.

வீடியோ என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், அதுதான் இந்த ஆய்வுக்குப் பெரிய உதவி. பெற்றோர் ஒருவர் போனில் எடுத்தது, நொடிக்கு 30 படம். இதே பெண் ஹாலில் போட்ட பழைய வீடியோவும் கிடைத்தது. இரண்டையும் படம் படமாக நகர்த்திப் பார்த்தேன். ஹாலில், போர்டை விட்டுக் கால் எழும்பியதிலிருந்து கை குதிரையில் படும் வரை 6 படம், அதாவது நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. மைதானத்தில் 8 படம். குதிரை இருக்க வேண்டிய இடத்தில் இல்லாததால் கை காற்றில் தேடியிருக்கிறது. அந்த இரண்டு படத்துக்குள் உடம்பு சுழன்று தோள் கைக்கு முன்னால் போய்விட்டது. தோள் முன்னால் போனபின் தள்ளினால் உடம்பு மேலே எழும்பாது, முன்னால் சறுக்கும். சாய்ந்த குதிரை, அதில் வியர்த்த கை, அப்புறம் என்ன. கால் மடக்கித் தாவுகிற பெண்ணுக்கு இந்தப் பிழை ஒரு எட்டு முன்னால் போவதோடு முடிந்துவிடும். ஹேண்ட்ஸ்பிரிங்கில் உடம்பு தலைகீழாக இருக்கும்போது கை மட்டும்தான் ஆதாரம், அதனால்தான் நல்ல ஆட்டக்காரிக்கு அடி அதிகம்.

சிட்னியில் இதே கதை

"அஞ்சாறு சென்டிமீட்டருக்கு இவ்வளவா?" என்று தாளாளர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் 2000-ஆம் ஆண்டு செப்டம்பர் 21 அன்று சிட்னி ஒலிம்பிக்கில் கிடைத்துவிட்டது.

பெண்கள் தனிநபர் ஆல்-ரவுண்ட், அதாவது எல்லாக் கருவிகளிலும் வாங்கும் மதிப்பெண்ணைச் சேர்த்துப் பார்க்கும் இறுதிப் போட்டி. குதிரை 125 செ.மீ. இருக்க வேண்டும், 120-இல் வைத்துவிட்டார்கள். உலகத்தின் மிகச் சிறந்த பெண்கள் வரிசையாக வந்து தடுமாறினார்கள். தங்கம் வாங்குவார் என்று எல்லோரும் எதிர்பார்த்த ரஷ்யாவின் ஸ்வெத்லானா கோர்க்கினா முழங்காலில் விழுந்தார். அமெரிக்காவின் எலிஸ் ரே விழுந்தார். இங்கிலாந்தின் அன்னிகா ரீடர் அடிபட்டுப் போட்டியை விட்டே போக வேண்டியிருந்தது. அங்கேயும் முதலில் யாரும் குதிரையை அளந்து பார்க்கவில்லை. கடைசியில் ஆஸ்திரேலியாவின் அலானா ஸ்லேட்டர், 16 வயதுப் பெண், தன் முறை வரும்போது குதிரை தணிவாக இருக்கிறதே என்று கேட்டார். டேப் வைத்து அளந்தார்கள். 5 செ.மீ. குறைவு.

உயரத்தைச் சரிசெய்துவிட்டு, ஏற்கனவே தாவியவர்கள் வேண்டுமானால் மறுபடி தாவலாம் என்று அறிவித்தார்கள். எலிஸ் ரே மறுபடி தாவி நல்ல மதிப்பெண் வாங்கினார். கோர்க்கினா அதற்குள் அடுத்த கருவிக்குப் போய், மனசு உடைந்த நிலையில் பார் என்ற இரட்டைக் கம்பியில் இருந்தும் விழுந்துவிட்டார், மறுபடி தாவி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டார். சில நாள் கழித்து அதே பாரில் அவர் தங்கம் வாங்கினார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். திறமை எங்கேயும் போகவில்லை. அந்த ஆல்-ரவுண்ட் தங்கத்தின் கதை இன்னும் கொடுமை, வென்ற ருமேனியாவின் அந்திரேயா ரடுகான் சளிக்குச் சாப்பிட்ட மாத்திரையால் பதக்கத்தை இழந்தார். அது வேறு வழக்கு, இங்கே வேண்டாம்.

நம் பள்ளியிலும் ஒரு அலானா ஸ்லேட்டர் இருந்தாள். இரண்டாவதாகத் தாவிய பெண், திரும்பி வந்து உட்காரும்போது பக்கத்துப் பிள்ளையிடம் "குதிரை கீழ போயிருச்சு மாதிரி இருக்குடி" என்று சொல்லியிருக்கிறாள். சாரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சரியா பண்ணாம சாக்கு சொல்றேன்னு திட்டுவாங்க சார்" என்றாள். இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்த முக்கியமான சாட்சியம் இதுதான், குழியின் ஆழத்தைவிட.

நிஜக் குதிரையும் சர்க்கஸ் வளையமும்

ஜிம்னாஸ்டிக்ஸ் குதிரைக்கு மூலம் நிஜக் குதிரைதான், ஏறி இறங்கப் பழகுவதற்குப் படைவீரர்கள் வைத்திருந்த மரக்குதிரை. ஓடுகிற குதிரை மேல் வித்தை செய்யும் வால்டிங் இன்றைக்கும் தனிப் போட்டியாக இருக்கிறது, சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 1983-இல் அதைத் தன் பிரிவுகளில் சேர்த்தது. 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில்கூட ஒரே ஒரு தடவை இருந்திருக்கிறது. அதில் எனக்குப் பிடித்த விஷயம், வட்டத்தின் நடுவில் ஒருவர் நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குதிரையின் வேகத்தை மாறாமல் வைத்திருப்பார். மேலே இருப்பவர் எழுந்து நிற்பதும் காலை வீசுவதும் எல்லாம் அவரை நம்பித்தான். குதிரைக்கும் தனியாக மதிப்பெண் உண்டு! ஓட்டம் சீராக இல்லையென்றால் அது குதிரையின் கணக்கில் குறையும். நம் இரும்புக்கால் குதிரைக்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை, அது செய்த தப்பும் பிள்ளையின் கணக்கில்தான் ஏறுகிறது.

சர்க்கஸ்காரர்கள் இதை இன்னும் முன்னாலேயே தெரிந்துவைத்திருந்தார்கள். 1768-இல் லண்டனில் குதிரை வித்தை காட்டத் தொடங்கிய பிலிப் ஆஸ்ட்லி, பழைய குதிரைப்படைக்காரர். அவர் காலத்தில் நிலைத்த 42 அடி விட்டமுள்ள வளையம், அதாவது சுமார் 13 மீட்டர், இன்றைக்கு வரைக்கும் சர்க்கஸ் வளையத்தின் அளவு. ஊர் ஊராகக் கூடாரம் மாறினாலும் வளையம் மாறாது. அதே வட்டம், அதே சாய்வு, குதிரைக்கு அதே எட்டு, மேலே நிற்பவனுக்கு அதே தாளம். நம் நாட்டில் 1880-இல் முதல் சர்க்கஸ் நடத்திய விஷ்ணுபந்த் சத்ரேயும் குதிரையேற்றம் கற்றுக்கொடுத்தவர்தான். தலச்சேரி சிறக்கரையில் 1901-இல் சர்க்கஸ் பள்ளி தொடங்கிய கீலேரி குஞ்ஞிக்கண்ணன் ஜிம்னாஸ்டிக்ஸ் வாத்தியார். சர்க்கஸ்காரனைக் கேட்டால் வேடிக்கைக்காரன் என்போம், ஆனால் அளவில் அவன் நம்மைவிடக் கறாரானவன்.

நம் ஊர்க் கண்ணுக்கு இது பிடிபடாததற்குக் காரணம் இருக்கிறது. தை மாதம் சிராவயல் மஞ்சுவிரட்டில் நின்று பழகிய கண் நம்முடையது. அவிழ்த்துவிட்ட மாடு எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாது, தெரியாததுதான் அந்த விளையாட்டு, அதில் விழுந்தவன் தைரியம் போதாமல் விழுந்தான் என்று சொல்வதில் ஓரளவு அர்த்தமும் இருக்கிறது. வால்ட் அதற்கு நேர் எதிர். இங்கே எல்லாமே முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பிள்ளை ஓடி வரும்போது குதிரையைப் பார்த்து முடிவெடுப்பதில்லை, எடுக்க நேரமும் கிடையாது. போர்டில் கால் இருப்பதே நொடியில் பத்தில் ஒரு பங்கு. பழகிய உயரத்தை, பழகிய தூரத்தை நம்பி உடம்பைத் தூக்கி எறிகிறாள். அந்த நம்பிக்கைக்குப் பெயர்தான் பயிற்சி. பந்தலில் இருந்து "தைரியமா வா தாயி" என்று கத்தியவர் நல்ல எண்ணத்தில்தான் கத்தினார், அவள் தைரியமாக வந்ததால்தான் அவ்வளவு வேகம்.

இதைவிடப் பயங்கரமான வழக்குகள் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1988-இல் டோக்கியோவில் ஜூலிசா கோமஸ் என்ற அமெரிக்கச் சிறுமி, முதுகுப் பக்கமாகப் போர்டில் ஏறும் யூர்ச்செங்கோ வால்ட்டில் கால் போர்டைத் தவறவிட்டு, தலை குதிரையில் மோதி, கழுத்துக்குக் கீழே செயலிழந்து, 1991-இல் இறந்தார். அப்புறம்தான் போர்டைச் சுற்றி ‘யு’ வடிவ மெத்தை போடும் பழக்கம் வந்தது, இன்று அந்த வால்ட்டுக்கு அது கட்டாயம். 2016 ரியோவில் திரிபுராவின் தீபா கர்மாகர் புரொடுனோவா என்ற மிகக் கடினமான வால்ட் போட்டு 15.066 புள்ளியுடன் நான்காவதாக வந்ததைப் பார்த்துத்தான் இந்தப் பள்ளியிலும் வால்ட் ஆசை வந்தது. சந்தோஷம். ஆசையோடு மெத்தையும் வர வேண்டும். இங்கே இறங்கும் மெத்தை ஒன்றுதான், பக்கத்தில் வெறும் தரை. அவள் கை பட்டது மெத்தையும் தரையும் சேரும் விளிம்பில்.

பள்ளிக்கு நான் எழுதிக் கொடுத்தவற்றில் பெரும்பாலானதை ஏற்றுக்கொண்டார்கள். வெளியே வைத்தால் ஒவ்வொரு காலுக்கும் அடியில் தடிமனான பிளைவுட் சதுரம், தச்சரிடம் சொல்லி நான்கும் அடித்தாகிவிட்டது. ஓட்டம் இறக்கத்தில் வேண்டாம், வாட்டத்துக்குக் குறுக்கே வைக்கலாம், பந்தல் வேண்டுமானால் திரும்பிக்கொள்ளட்டும். போர்டு நார் விரிப்பின் மேல் இல்லாமல் ரப்பர் மேட் மேல், பக்கத்தில் சுண்ணாம்புக் கோடு. மெத்தையின் இரண்டு பக்கமும் கூடுதல் மெத்தை, குதிரைக்கு அந்தப் பக்கம் தாங்கிப் பிடிக்க இரண்டு பேர். எந்தப் பிள்ளையாவது "குதிரை என்னமோ மாதிரி இருக்கு" என்று சொன்னால் ஏன் எதற்கு என்று கேட்காமல் முதலில் அளப்பது.

பிள்ளைக்கு மாவுக்கட்டு பிரித்தாயிற்று, கை நன்றாகச் சேர்ந்திருக்கிறது. டாக்டர் கை ஊன்றுவதற்கு இன்னும் முழுசாக அனுமதி கொடுக்கவில்லை, ஓட்டமும் போர்டில் எம்புவதும் மட்டும் நடக்கிறது. அப்பத்தா இன்னும் சம்மதிக்கவில்லை, அது குடும்பத்துக்குள் பேசித் தீர வேண்டியது.

ஒரே ஒரு விஷயத்தில் பி.டி. சாரும் நானும் ஒத்துப்போகவில்லை. ஒவ்வொரு பிள்ளை தாவுவதற்கு முன்னாலும் நான்கு மூலையும் அளக்க வேண்டும் என்றேன். "நிகழ்ச்சி இழுத்துக்கிட்டே போகும் சார், கூட்டம் உட்காராது" என்கிறார் அவர். ஹாலில் வைத்து அளந்து காட்டினேன், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிஷத்தை மைக்கில் பேசி நிரப்ப நம் ஊர் விழாவில் ஆளா கிடைக்காது?